எக்ஸ்பியில் நெட்வொர்க் கார்டு சிக்கல்: ரீசெட் செய்வதா, மறைந்த கார்டை நீக்குவதா, டிரைவரை மாற்றுவதா?

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இல் நிறுத்திவிட்டது. ஆனாலும் பழைய எந்திரத்தையோ ஆய்வகக் கருவியையோ இயக்கும் மென்பொருளுக்காக அதை வைத்திருப்பவர்கள் உண்டு. அங்கே நெட்வொர்க் போய்விட்டால், கையில் கிடைத்த ரீசெட் கட்டளையை அடித்துவிடுவது வழக்கம். அது தவறு. கீழே வரும் நான்கு வழிகளும் (இரண்டு ரீசெட், மறைந்த கார்டை நீக்குவது, டிரைவரை மாற்றுவது) நான்கு வேறு பழுதுகளுக்கானவை.

எதைத் தொடும் முன்பும் கமாண்ட் பிராம்ப்டில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’ (ipconfig /all) கொடுத்து, ஐபி (கணினியின் முகவரி), சப்நெட் மாஸ்க், கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கான வாசல்), டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சர்வர்) நான்கையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வழி ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’ (netsh winsock reset). வின்சாக் என்பது நிரல்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் விண்டோஸ் பகுதி. கேட்வேக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, டிஎன்எஸ் முகவரியும் சரி, ஆனால் பிரவுசர் எதையும் திறக்கவில்லை என்றால் இதுதான் மருந்து. ஐபியைப் புதுப்பிக்கும்போது ‘சாக்கெட் அல்லாத ஒன்றின் மீது செயல்பட முயன்றது’ என்ற பொருளில் பிழைச்செய்தி வந்தாலும் இதையே செய்யலாம். உறுதிப்படுத்திக்கொள்ள, ரன் பெட்டியில் ‘எம்எஸ்இன்ஃபோ32’ (msinfo32) அடித்து, காம்பொனன்ட்ஸ், நெட்வொர்க், புரோட்டோகால் என்று போங்கள். இயல்பான கணினியில் 10 பகுதிகள் இருக்கும். கூடுதலாக இருந்தால் ஏதோ ஆன்டிவைரஸோ வேண்டாத நிரலோ நடுவில் நுழைந்திருக்கிறது. ரீசெட் அதைக் கழற்றிவிடும்; கையால் போட்ட ஸ்டாட்டிக் ஐபியில் கை வைக்காது. சர்வீஸ் பேக் 2 இல்லாத எக்ஸ்பியில் இந்தக் கட்டளை கிடையாது.

இரண்டாவது வழியான ‘நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட்’ (netsh int ip reset) இதைவிடக் கடுமையானது. கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 முகவரிக்கே பிங் போகவில்லை என்றால் மட்டும் இதற்கு வாருங்கள். எக்ஸ்பியில் டிசிபி/ஐபியை அன்இன்ஸ்டால் செய்ய முடியாது; அதற்கு மாற்றாகவே இந்தக் கட்டளை ரெஜிஸ்ட்ரியில் உள்ள டிசிபி/ஐபி அமைப்புகளைத் திருப்பி எழுதுகிறது. கட்டளையின் கடைசியில் ஒரு லாக் ஃபைல் பெயரும் கொடுக்க வேண்டும். கையால் போட்ட ஐபி அழிந்து கார்டு, முகவரியைத் தானாக வாங்கும் டிஎச்சிபி முறைக்குப் போய்விடும். டிஎச்சிபி சர்வர் இல்லாத இடத்தில் 169.254 என்று தொடங்கும் முகவரி வந்து நிற்கும். தாளில் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

அதிகம் பேர் தவறவிடுவது மூன்றாவது வழி. கார்டைக் கழற்றி வேறு பிசிஐ ஸ்லாட்டில் போட்டால் எக்ஸ்பி அதைப் புதுக் கார்டாகவே எடுத்துக்கொள்ளும்; ‘லோக்கல் ஏரியா கனெக்‌ஷன் 2’ முளைக்கும். அதில் பழைய ஐபியைப் போட்டால், இந்த முகவரி மறைந்துள்ள இன்னொரு அடாப்டருக்கு உரியது என்று செய்தி வரும். ‘நோ’ அழுத்தினால் ஐபி ஏறிவிடும். ஆனால் பழைய கார்டின் குப்பை உள்ளேயே கிடக்கும். முறையாகத் தீர்க்க, கமாண்ட் பிராம்ப்டில் ‘செட்’ என்று அடித்து, டெவ்எம்ஜிஆர், ஷோ, நான்பிரசன்ட், டிவைசஸ் ஆகிய நான்கையும் அடிக்கோட்டால் இணைத்து, =1 கொடுங்கள் (set devmgr_show_nonpresent_devices=1). அதே ஜன்னலிலிருந்தே டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் மெனு வழியாகத் திறந்தால் பலிக்காது. வியூ மெனுவில் ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ தேர்ந்தால் பழைய கார்டு மங்கலாகத் தெரியும். அதை மட்டும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பக்கத்தில் வரிசையாக நிற்கும் ‘வான் மினிபோர்ட்’ பதிவுகள் விண்டோஸுக்கு உரியவை, தொடாதீர்கள்.

நான்காவது வழியான டிரைவரை மாற்றுவது, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி இருந்தால் மட்டும். கோட் 28 என்றால் டிரைவரே ஏறவில்லை. கோட் 10 என்றால் கார்டு தொடங்கவில்லை. டிரைவரை மாற்றியும் போகாவிட்டால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். ரியல்டெக் 8139 கார்டுக்கு எக்ஸ்பியிலேயே டிரைவர் உண்டு. 8168 கிகாபிட் சிப்புக்கு இல்லை, வேறு கணினியிலிருந்து பென்டிரைவில் கொண்டுவர வேண்டும்.

டிரைவர் ஏறிய பின் நெட்வொர்க் வந்தும் ஃபைல் காப்பி ஆமை வேகத்தில் நகர்ந்தால், டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு தாவலில் ஸ்பீடு, டூப்ளெக்ஸ் அமைப்பைப் பாருங்கள். ஃபுல் டூப்ளெக்ஸ் என்றால் ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடியும்; ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். புது டிரைவர் அதை ஆட்டோவுக்குத் திருப்பியிருக்கும். சுவிட்ச் போர்ட் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டப்பட்டிருந்தால், ஆட்டோவில் உள்ள கார்டு ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கி, பாக்கெட்டுகள் மோதிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஆட்டோ, அல்லது இரண்டு பக்கமும் 100 ஃபுல் என்று வையுங்கள்.