எடையா, காற்றா: தினமும் மிதிக்க எந்த வண்டி?

தினமும் மிதித்துப் போய்வர ஒரு வண்டி வடிவமைக்கலாம் என்றாலே முதல் கேள்வி "எத்தனை கிலோ?" என்றுதான் வரும். நானும் பல வருஷம் அந்தக் கேள்வியையே பிடித்துக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் மனசு மாறியது.

ஓட்டுபவர் 65 கிலோ. நிமிர்ந்து உட்காரும் சாதாரண சைக்கிள் 12 கிலோ. கால் நீட்டி, முதுகு சாய்த்து ஓட்டும் சாய்வு சைக்கிள் 15. மூன்று சக்கரத்தில் முழுக்கூடு போர்த்திய வெலோமொபைல் 30.

மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் போக, காற்றைத் தள்ள மட்டுமே சாதாரண சைக்கிளில் சுமார் 14,500 ஜூல் ஆற்றல் போய்விடும். சாய்வு சைக்கிளில் 9,000 அளவில். வெலோமொபைலில் 2,500கூட ஆகாது. சரி, சிக்னலில் நின்று கிளம்பினால்? அதே வேகத்தை மறுபடி எட்ட, சாதாரண சைக்கிளைவிட வெலோமொபைலில் இருக்கும் அந்தக் கூடுதல் 18 கிலோ கேட்பது 430 ஜூல்தான். மேடு வந்தால்தான் கனம் உறைக்கும்: 100 மீட்டர் உயரம் ஏற 17,700 ஜூல் அதிகம். அதையும் ஒன்றரை கிலோமீட்டர் சமதளத்தில் மீட்டுவிடலாம்.

அப்படியானால் வெலோமொபைல்தானே? எனக்கு மனசு வரவில்லை. தசை 100 வாட் வேலை செய்தால் ஏறக்குறைய 300 வாட் வெப்பம் வெளியேற வேண்டும். கூட்டுக்குள் காற்று இல்லாமல் அது எங்கே போகும்? போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். மாடிப்படியில் தூக்கவும் முடியாது. மழையும் குளிரும் நிறைந்த, நிற்காமல் ஓடும் நீண்ட சாலைக்கு மட்டும் அதை மிஞ்ச ஆளில்லை.

சாய்வு சைக்கிளுக்கு நடந்தது அநியாயம். 1933-ல் பிரான்சிஸ் ஃபோர் அப்படி ஒரு வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அடுத்த வருஷமே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த வடிவத்தைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது. வளர வேண்டிய வடிவம் அங்கேயே தேங்கிப்போனது. குறைகளும் உண்டு. கிளம்பும்போது ஒரு கால் உயரத்தில் பெடலைத் தேடும், மறுகால் தரையை விட்டதும் ஹேண்டில் இடமும் வலமும் ஆடும். முதல் வாரம் ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு நெஞ்சு படபடத்தது. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கவும் வழியில்லை.

இருந்தும் நான் வரைந்தால் அதைத்தான் வரைவேன், கொஞ்சம் திருத்தி. சீட் 60 செ.மீ. உயரத்தில்; நின்றால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். முதுகுச் சாய்வு மிதமாக இருந்தால் தலை மற்ற வண்டிக்காரர்கள் கண்ணில் படும். பின்னால் கூம்பிய பெட்டி, காற்றும் சுழலாமல் விலகும், பையும் உள்ளே அடங்கும். முன்பக்கம் திறந்தே இருக்கட்டும், உடம்பு ஆற வேண்டும். எடை 17 கிலோ வரை போனாலும் கவலையில்லை. நீளச் செயினைக் குழாய்க்குள் விட்டுவிட்டால் கால்சட்டையில் கிரீஸும் ஒட்டாது.