படகும் நீரோட்டமும்: கட்டமா, சமன்பாடா?

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் அளவுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து கணக்குப் போட்ட பிள்ளைகள், உயர்நிலைக்கு வந்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். ‘இனி எல்லாம் அல்ஜீப்ராதான்’ என்ற எண்ணம். படகுக் கணக்கில் இது பெரிய நஷ்டம்.

ஒரு படகு 24 கி.மீ. தூரத்தை நீரோட்டத்தோடு 2 மணி நேரத்திலும், எதிர்த்து 3 மணி நேரத்திலும் கடக்கிறது. அசையாத நீரில் படகின் வேகம் ப, நீரோட்டத்தின் வேகம் ஓ என்றால், ப + ஓ = 12, ப − ஓ = 8. கூட்டினால் ப = 10; ஓ = 2. சமன்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது கட்டம். தூரம் ஒன்றே, நேரம் 2:3 என்பதால் வேகம் 3:2. நீரோட்டத்தோடு போகும் வேகத்துக்கு மேல் வரிசையில் மூன்று கட்டம், எதிர்த்து வரும் வேகத்துக்குக் கீழ் வரிசையில் இரண்டு. மிஞ்சும் ஒரு கட்டம் நீரோட்டத்தைப் போல் இரண்டு மடங்கு. போகும்போது கூடியதுதானே வரும்போது கழிகிறது! ஆக நீரோட்டம் அரைக் கட்டம், படகு இரண்டரைக் கட்டம். 24-ஐத் தொடாமலேயே, படகின் வேகம் நீரோட்டத்தைப் போல் ஐந்து மடங்கு என்று தெரிந்துவிட்டது. 12-இல் 8 போக 4, அதுதான் நீரோட்டம் என்று அவசரப்படும் பிள்ளைக்கும் இந்தப் படம் கைகொடுக்கும். தூரம் தராமல் விகிதம் கேட்டால் நான் கட்டத்தின் பக்கம்தான்.

சரி, கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம். நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ.; 24 கி.மீ. போய்த் திரும்ப மொத்தம் 5 மணி நேரம். இங்கே கட்டம் கைவிட்டுவிடும். 24/(ப+2) + 24/(ப−2) = 5 என்று எழுதி, 5ப² − 48ப − 20 = 0 என்று சுருக்கி, (ப − 10)(5ப + 2) = 0 என்று பிரிப்பதுதான் வழி. வேகம் எதிர்மறையாக இருக்காது என்று ஒரு வரி எழுதி மற்ற விடையைத் தள்ள மறக்கக் கூடாது.

2008-இல் மரினா அணைக்கட்டு வந்தபின் சிங்கப்பூர் ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் இல்லை; பிள்ளைகள் நீரோட்டத்தை எங்கே பார்ப்பார்கள்? சாங்கி விமான நிலையத்தின் நகரும் நடைபாதையைக் காட்டி விளக்கலாம்.

மூன்றாவது வழி, தண்ணீரோடு சேர்ந்து நகர்வதாக நினைத்துக்கொள்வது. எதிர்த்துப் போகும் படகிலிருந்து மிதவை ஒன்று விழுகிறது. 15 நிமிடம் கழித்துத் திரும்பும் படகு, விழுந்த இடத்திலிருந்து 1 கி.மீ. கீழே அதைப் பிடிக்கிறது. தண்ணீரிலிருந்து பார்த்தால் மிதவை அசையவே இல்லை. போக 15, வர 15. அரை மணியில் 1 கி.மீ., அதாவது நீரோட்டம் மணிக்கு 2 கி.மீ. இதையே சமன்பாட்டில் போட்டால் ப கடைசியில் அடிபட்டுப் போகும். விடை அதேதான், ஆனால் படகின் வேகம் ஏன் தேவைப்படவில்லை என்பது தெரியாது.