சபைக்கு எந்த டிரம்ஸ்? அக்கூஸ்டிக்கா, எலக்ட்ரானிக்கா, ரிதம் பேடா?

சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் சபை முதல் மாடியில் இருக்கிறது. கீழே மளிகைக் கடை. நெருக்கி உட்கார்ந்தால் 120 பேர் பிடிக்கும். கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, மூன்று பக்கமும் வெறும் சுவர். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் காசிமேட்டுக் கடல் காற்று நேராக உள்ளே வரும். இந்த ஹாலில் 11 வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். முதலில் ஒரு குடும்பம் காணிக்கையாகக் கொடுத்த பழைய அக்கூஸ்டிக் கிட், அதாவது மின்சாரம் இல்லாமல் தானே ஒலிக்கும் டிரம்ஸ். பிறகு நான்கு வருடம் எலக்ட்ரானிக், பேடைத் தட்டினால் சத்தம் ஸ்பீக்கரில் வரும். போன வருடம் மறுபடியும் அக்கூஸ்டிக். ரிதம் பேட் இத்தனை வருடமும் கூடவே இருக்கிறது. பக்கத்துச் சபைகளிலிருந்து தம்பிகள் வந்து “எதை வாங்கலாம் அண்ணே?” என்று கேட்பதால் இதை எழுதுகிறேன். என் மனம் அக்கூஸ்டிக் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரிதம் பேடை முதலில் முடித்துவிடலாம். ரோலண்ட் நிறுவனம் 1985இல் ஆக்டாபேடைக் கொண்டுவந்தது. தட்டினால் விதவிதமான வாத்தியச் சத்தம் தரும் எட்டுத் தட்டு கொண்ட ஒரு பெட்டி, அவ்வளவுதான். ரிதம் பேட் என்று நாம் சொல்வது இந்த வகையைத்தான். தமிழ்நாட்டில் மெல்லிசைக் குழு, சபை என்று அது போகாத இடமில்லை. கீர்த்தனை பாடும்போது அதற்கு இணை கிடையாது. நம் கீர்த்தனைகள் கர்நாடக ராக தாளத்தில் அமைந்தவை. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் வழியில் வந்த ஒரு பாட்டை, காலால் அடிக்கும் பெரிய கிக் டிரம்மையும் சடசடக்கும் ஸ்நேர் டிரம்மையும் வைத்து வாசித்தால் அது வேறு பாட்டாகிவிடும். தபேலா, டோலக் சத்தத்தில் வாசித்தால் ஹாலில் இருக்கிற பாட்டிகள் முகமே மலர்ந்துவிடும். வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் பைக்கில் வைத்துக்கொண்டு போய்விடலாம். ஆனால் துதி ஆராதனை 40 நிமிடம் ஏறி இறங்கி நடக்கும்போது, கைக்கு மட்டுமே வேலை கொடுக்கிற பேடை முழு டிரம்ஸுக்குப் பதிலாக நான் நினைக்க மாட்டேன். இரண்டாவது கருவியாக இருக்கட்டும்.

சரி, எலக்ட்ரானிக்குக்கு ஏன் போனோம்? சத்தம். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய முடியாது. அக்கூஸ்டிக் டிரம்ஸைத் தாராளமாக அடித்தால் பக்கத்தில் நிற்பவர் காதில் 100 டெசிபலைத் தாண்டும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. அதே வருடம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன ஒரு வழக்கு நம் வடசென்னையிலிருந்தே போனது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு சபையைப் பற்றிக் குடியிருப்போர் சங்கம் கொடுத்த புகார் அது. ஜெப ஹாலில் இருந்த கருவிகளில் டிரம் செட்டும் ஒன்று. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்கச் சொல்லி எந்த மதமும் விதிக்கவில்லை என்று சொல்லி நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. சபையில் டிரம்ஸ் வாசிக்கிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிரமப்படுகிற பக்கத்து வீட்டுக்காரரும் நாம் நேசிக்க வேண்டிய அயலார்தானே.

பாஸ்டர் ஐயா அன்றைக்குக் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, சத்தம் குறையுமா குறையாதா, அதை மட்டும் சொல்லு.” குறையும் என்றேன். உண்மையாகவே குறைந்தது. எலக்ட்ரானிக் கிட் வந்த முதல் ஞாயிறு, சபையார் பாடுவது எனக்கே கேட்டது. ஹாலில் எக்கோ அடங்கியது. சவுண்டு பார்க்கிற தம்பிக்கு டிரம்ஸுக்கு மைக் கட்டுகிற வேலை போயிற்று, ஒரு வயரோடு முடிந்தது. வீட்டில் ஹெட்போன் போட்டு ராத்திரி 11 மணிக்குக்கூடப் பழகலாம். இதில் எதையும் நான் மறுக்கவில்லை.

குறை தெரிய ஆரம்பித்தது மெல்லிய இடங்களில். ஆராதனை டிரம்ஸின் உண்மையான சோதனை வேகப் பாட்டில் இல்லை. பாட்டு முடிந்து ஐயா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பிக்கிற அந்த நிமிடத்தில் இருக்கிறது. கீபோர்டு ஒரே கார்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது வெண்கலத் தட்டான சிம்பல் மேல், பஞ்சு முனைக் குச்சியான மேலட்டை வைத்து, காற்றைப் போலச் சத்தத்தை ஒன்றுமில்லாததிலிருந்து எழுப்பிக்கொண்டு வர வேண்டும். வெண்கலம் அதைச் செய்யும். எங்கள் எலக்ட்ரானிக் சிம்பல் ரப்பரோ ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக எண்ணி, ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பத் துப்பியது. மிக மெல்லத் தட்டினால் சத்தமே வராது. கொஞ்சம் கூட்டினால் திடுமென்று குதிக்கும். ஆறெட்டுத் தாளப் பாட்டில் நம் பையன்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமை உள்ளங்கையால் தட்டுவார்கள். தெருத் திருவிழா மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது தானாக வரும். எங்கள் எலக்ட்ரானிக் கிட்டின் வலைத்துணி கட்டிய மெஷ் பேடில் உள்ளங்கைக்கு ஒழுங்கான பதில் இல்லை. நாங்கள் வைத்திருந்தது நடுத்தர விலை கிட். விலை கூடிய கிட் ஒன்றில் ஒரே ஒரு முறை வாசித்திருக்கிறேன், அது இதைவிட எவ்வளவோ மேல். ஒரு முறை வாசித்ததை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

இதெல்லாம் இருந்தும் நான்கு வருடம் ஓட்டினோம். முடிவை மாற்றியது வாசிப்பு இல்லை, ரிப்பேர்.

டிசம்பர் 31, வாட்ச்நைட் ஆராதனை. ஹால் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள். பதினொன்றே முக்கால் இருக்கும். எலக்ட்ரானிக் கிட்டின் சத்தத்தையெல்லாம் உருவாக்கும் பெட்டியான மாட்யூலின் திரை ஒரு தடவை மினுக்கியது, அணைந்தது. அடாப்டரைப் பிடுங்கிச் சொருகினேன். வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன். உயிர் வரவில்லை. என்னைச் சுற்றி ஐந்து பேடும் மூன்று சிம்பலும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ஒன்றிலிருந்தும் ஒரு சத்தம் இல்லை. புது வருடத்தைத் தம்புரினோடும் கைத்தட்டலோடும் வரவேற்றோம். சபையார் நன்றாகப் பாடினார்கள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

சர்வீஸுக்குக் கொடுத்து ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. உள்ளே போர்டில் உப்பு ஈரம் ஏறி அரித்திருக்கிறது, போர்டையே மாற்ற வேண்டும், அந்த மாடலுக்குப் போர்டு வருவதில்லை. அதற்கு முன்னும் சின்னச் சின்னப் பிரச்சினைகள் வந்திருக்கின்றன. பேடின் உள்ளே பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய பித்தளைத் தகடு ஒன்று இருக்கும், பியஸோ என்பார்கள். அடியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது அதுதான். அது போனால் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், சால்டரிங் தெரிந்த யாரும் மாற்றிவிடலாம். ஜாக் பின்னில் பச்சை பிடித்தால் துடைத்தால் போதும். அதுவரைக்கும் நம் கையில் இருக்கிறது. மாட்யூல் போனால் மொத்த டிரம்ஸும் ஊமை.

அக்கூஸ்டிக்கில் அப்படி ஒரே இடத்தில் உயிர் இல்லை. ஒரு டாமின் ஹெட், அதாவது அடிக்கிற தோல், கிழிந்தால் மற்றதை வைத்து ஆராதனையை முடிக்கலாம். பெடலில் ஸ்பிரிங் போனால் அடுத்த தெருச் சபையில் ஒன்று கடன் வாங்கலாம், எந்தக் கம்பெனி பெடலும் எந்தக் கிக்கிலும் பொருந்தும். புது கிட் வந்து மூன்றாவது மாதம், ஞாயிறு காலை எட்டரை மணிக்கு ஸ்நேருக்குக் கீழே இருக்கிற கம்பி வலையைப் பிடிக்கும் கயிறு அறுந்துவிட்டது. கம்பி தொங்கினால் ஸ்நேர் வெறும் டாம் மாதிரி ‘டொம்’ என்று கேட்கும். ஒன்பதுக்கு ஆராதனை. எங்கள் சபையில் காசிமேட்டில் வலை பழுது பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். முன் வரிசையிலிருந்து எழுந்து வந்து ஸ்நேரை மடியில் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். “இதுக்கா பயப்படுற?” என்று சொல்லிவிட்டு, பேரனை வீட்டுக்கு அனுப்பி நைலான் நூல் எடுத்துவரச் சொன்னார். நூலை இரட்டையாக மடித்து, கம்பியின் இரண்டு முனையிலும் இருக்கிற ஓட்டைக்குள் விட்டு, நான் முன்பின் பார்த்திராத ஒரு முடிச்சைப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினார். ஐந்து நிமிடம். அந்த முடிச்சு இன்னும் அப்படியே இருக்கிறது.

உப்புக் காற்று அக்கூஸ்டிக்கையும் விடாது. சிம்பல் வெண்கலம், அது கறுக்கும், பச்சை படியும், துரு பிடிக்காது. ஸ்டாண்டும், ஹெட்டை இறுக்கும் திருகான டென்ஷன் ராடும் குரோம் பூசிய இரும்பு. பூச்சில் ஊசி முனையளவு புள்ளி விழுந்தால் துரு அங்கிருந்து உள்ளே போகும். எங்கள் பழைய கிட் அப்படித்தான் போயிற்று. கடைசியில் ராடைத் திருப்பினால் அதைப் பிடித்திருக்கிற லக்கும் சேர்ந்து திரும்பியது, டியூனிங் என்ற பேச்சே இல்லாமல் இருந்தது. அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, உபவாச ஜெபம் முடிந்ததும், ஒரு டிரம்மை மட்டும் எடுத்து ராடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, காய்ந்த துணியால் துடைத்து, மரையில் பட்டாணி அளவுக்கும் குறைவாக வாசலின் தடவித் திரும்பப் போடுவோம். ஆறேழு மாதத்தில் எல்லா டிரம்மும், அதன் பிறகு ஸ்டாண்டுகளும் ஒரு சுற்று முடிந்துவிடும். சனிக்கிழமை பயிற்சி முடிந்தால் பருத்திப் போர்வையால் மூடுவோம். பிளாஸ்டிக் போடாதீர்கள், உள்ளே வியர்க்கும். இந்த வேலைக்குப் பையன்களையே வைத்திருக்கிறேன். கழற்றிப் பூட்டத் தெரிந்தவனுக்கு டியூன் பண்ணும் காது சீக்கிரம் வருகிறது.

ஹெட்டைப் பற்றி இந்த ஊரில் கவலையில்லை. முன்பு கன்றுத் தோல்தான், ஈரக் காற்றில் தொய்ந்துவிடும். 1950களின் கடைசியில் பாலியெஸ்டர் ஹெட் வந்து அந்தத் தொல்லை தீர்ந்தது. ரெமோ கம்பெனி 1957இல் தொடங்கியது இதை வைத்துத்தான். வாரம் இரண்டு முறை வாசிக்கிற எங்களுக்கு ஸ்நேர் மேல் ஹெட் ஒன்றை மட்டும் வருடத்துக்கு ஒரு தடவை மாற்றினால் போதுமாக இருக்கிறது.

அப்படியானால் சத்தம்? பாஸ்டர் ஐயா மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்டார். இந்தத் தடவை என்னால் “பார்த்துக்கொள்கிறேன் ஐயா” என்று சொல்ல முடிந்தது, ஏனென்றால் எலக்ட்ரானிக்கில் இருந்த நான்கு வருடம் சபை பாடுவதைக் கேட்டு வாசிக்கக் கற்றுக்கொடுத்திருந்தது. கிக் 22 அங்குலத்துக்குப் பதிலாக 20 வாங்கினோம், உள்ளே ஒரு பழைய ஜமுக்காளம். தடித்த 5பி குச்சியை விட்டு மெல்லிய 7ஏவுக்கு வந்தேன். மெதுவான பாட்டுக்கு மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ். டிரம்ஸுக்குக் கீழும் பின்சுவரிலும் தடித்த விரிப்பு. உண்மையில் காதைக் கிழிப்பது கிக்கும் ஸ்நேரும் இல்லை, காலால் மூடித் திறக்கிற இரட்டைச் சிம்பலான ஹை-ஹேட், அது பாதி திறந்திருக்கும்போது. அதை மூடி வைத்து வாசித்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். முதல் சரணத்தில் ஸ்நேரின் விளிம்பில் குச்சியைப் படுக்கவைத்துத் தட்டினால் பாட்டு நடக்கும், பேச்சுக் குரலும் கேட்கும். முன் வரிசைப் பெண்கள் பாடுவது என் காதுக்குக் கேட்காவிட்டால் நான் அதிகமாக அடிக்கிறேன் என்று அர்த்தம். இதுதான் என் மீட்டர்.

இரவு பத்துக்கு மேல் எந்தக் கூட்டமானாலும் டிரம்ஸைத் தொடுவதில்லை, வாட்ச்நைட் உட்பட. அதற்கு ரிதம் பேடைச் சின்ன ஸ்பீக்கரில் குறைத்து வைத்து வாசிக்கிறோம். அக்ரிலிக் தடுப்பு போட்ட ஒரு பெரிய சபையில் ஒரு கன்வென்ஷனுக்கு வாசித்தேன். சத்தம் நன்றாகவே அடங்கியது. மே மாதம், உள்ளே அடுப்படி மாதிரி இருந்தது. ஏசி ஹாலானால் யோசிக்கலாம்.

விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் ஆயிற்று. விற்கும்போதுதான் வித்தியாசம். மாட்யூல் போன எலக்ட்ரானிக் கிட்டை யாரும் கேட்கவில்லை. பேடுகளையும் ரேக்கையும் மிகச் சொற்ப விலைக்குக் கொடுத்தோம். துருப்பிடித்த பழைய அக்கூஸ்டிக்கின் மர உடலான ஷெல்லுக்கும் சிம்பலுக்கும் அதைவிட நல்ல விலை வந்தது.

இரண்டு பக்கமும் வீடு ஒட்டிக்கொண்டு, தினமும் மாலைக் கூட்டம் நடக்கிற சபையானால், என் சாய்வை ஒதுக்கிவைத்துவிட்டு எலக்ட்ரானிக்கே வாங்குங்கள். மாட்யூலை மட்டும் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு பூட்டி வையுங்கள். நாங்கள் அதைச் செய்யாமல் விட்டோம்.

மற்றவர்கள் பழைய அக்கூஸ்டிக் கிட் ஒன்றைத் தேடுங்கள், புதிதை விடச் சிக்கனம். பார்க்கப் போகும்போது ராடைத் திருகும் டிரம் கீயைக் கையோடு கொண்டு போங்கள். விற்பவர் அனுமதியோடு ஒரு டாமின் ஹெட்டைக் கழற்றி, ஷெல்லின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். பள்ளமோ, ஒட்டுப் பலகை ஈரத்தில் பிரிந்த வெடிப்போ விரலுக்குத் தட்டினால் அந்தக் கிட் வேண்டாம். ஸ்டாண்டு துருவாக இருந்தால் பேரம் பேசி வாங்கிக்கொள்ளுங்கள், அதை மாற்றிவிடலாம்.