வேதாகமம் பைண்டிங்: கடலூர் முதுநகரில் ஒரு சின்னக் கடை

என் வேதாகமத்துக்கு வயது 19. தினம் காலை 5 மணிக்கு மூன்று அதிகாரம், ஞாயிறு மட்டும் ஐந்து. இப்படி வாசித்தால் 1189 அதிகாரமும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். காய்ச்சல் வந்தாலும் இந்த ஒழுங்கை விட எனக்கு மனசு வராது. அதில்தான் புத்தகத்தின் முதுகு பிய்ந்து, சங்கீதம் என்ற பகுதி தனியாகக் கழன்று வந்துவிட்டது.

முன்பு வேறொரு இடத்தில் கொடுத்து நொந்துபோனேன். ஓரத்தைச் சமமாக்குகிறோம் என்று வெட்டியதில், அப்பா பென்சிலில் எழுதிய குறிப்புகள் பாதி போய்விட்டன.

இந்தக் கடை அண்ணன் ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார். "ஓரத்துல கத்தி வைக்கமாட்டேன்மா" என்றார். நூலால் தைத்து, பசை காய வைத்து, கறுப்பு ரெக்சின் போட்டிருக்கிறார். பேசியது 450 ரூபாய். வாங்கப் போனபோது, ரெக்சின் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் ஆனது என்று 50 ரூபாயைத் திருப்பித் தந்தார். நான் கேட்கவே இல்லை. கள்ளத்தராசைப் பற்றிச் சொல்லும் நீதிமொழிகள் 11 அப்போது நினைவுக்கு வந்தது. நான் தையல் வேலை செய்பவள். கேட்காதவர்களின் மீதித் துணியை எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது ரவிக்கையோடு துண்டுத் துணியையும் மடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

ஞாயிறு கடை கிடையாது. பத்து நாள் என்றது பதினாலு ஆனது. அப்புறம், புது முதுகு விறைப்பு. முதலில் வரும் ஆதியாகமம் இன்னும் விரிந்து நிற்பதில்லை, மேலே கண்ணாடிக் கூட்டை வைத்துத்தான் வாசிக்கிறேன்.