டாம்ரான் 18-300: ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரே லென்ஸ் போதுமா?

தனுஷ்கோடியில் லென்ஸ் மாற்றக் கூடாது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று வலுத்தால் தார்ச்சாலையையே மணல் மூடிவிடும் இடம் அது. கேமராவின் முன்வாயைச் சில நொடி திறந்து வைத்தாலே உப்பும் தூசியும் சென்சாரில் உட்கார்ந்துவிடும். பிறகு எடுக்கும் ஒவ்வொரு வானத்திலும் கரும்புள்ளி. அதனால் ராமேஸ்வரம், பாம்பன், காரங்காடு என்று சனி ஞாயிறில் போய்வரும் பொழுதுபோக்குப் புகைப்படக்காரருக்கு ஒரு லென்ஸின் கூர்மையைவிட, அதைக் கழற்றாமலே நாளை ஓட்ட முடியுமா என்பதே பெரிய கேள்வி. டாம்ரான் 18-300 எஃப்/3.5-6.3 லென்ஸை அந்தக் கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும். 18, 300 என்பவை மி.மீ.-ல் குவியத் தூரம்: எண் சிறிதானால் அகலக் காட்சி, பெரிதானால் தொலைவு கிட்டே வரும். எஃப் எண் ஒளி நுழையும் வாயின் அளவு: எண் கூடினால் ஒளி குறையும். இந்தக் கரைக்கு இது சரியான லென்ஸ் என்பதே இந்த மதிப்புரையின் முடிவு. ஆனால் எங்கே கைவிடும் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

2021-ல் சோனி இ, ஃபுஜி எக்ஸ் மவுண்ட்டுகளுக்கு (கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்) வந்தது. ஏ.பி.எஸ்.-சி என்ற சிறிய சென்சாருக்கானது, பெரிய முழுச் சட்ட (ஃபுல் ஃபிரேம்) சென்சாரின் கணக்கில் 27 முதல் 450 வரை. எடை 620 கிராம், ஃபில்டர் அளவு 67 மி.மீ. சோனியில் கேமராவோடு சேர்ந்து வரும் 16-50 கிட் லென்ஸையும் (116 கிராம்) 70-350-ஐயும் (625 கிராம்) சேர்த்தால் 741 கிராம். ஆக எடையில் மிச்சம் 121 கிராம்தான். அதற்காக இதை வாங்க வேண்டாம். மாற்ற வேண்டிய வேலை இல்லை என்பதற்காக வாங்கலாம்.

பாம்பனில் இதன் அருமை தெரியும். 1988-ல் திறந்த சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால், 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி கீழே தெரியும். 18-ல் சட்டத்தின் (படத்தில் அடங்கும் பரப்பின்) அகலம் தூரத்தைப் போல 1.3 மடங்கு. 300-ல் தூரத்தைப் பதிமூன்றால் வகுத்தால் வருவது அகலம். இந்த இரண்டு கணக்கும் மனத்தில் இருந்தால் எந்த இடத்திலும் ஜூமைத் தேடித் திருப்ப வேண்டியதில்லை. பாலமும் படகுகளும் சேர்ந்து 18-ல். ரயில் பாலத்தில் ஏறும்போது 70-க்கும் 135-க்கும் நடுவே. தூக்குக் கோபுரத்தின் இரும்பு வேலைப்பாடு 300-ல். ரயில் ஏறிவிட்ட பிறகு லென்ஸ் மாற்ற நேரம் ஏது?

அங்கே இரண்டு சங்கடம் உண்டு. 18-ல் நேர்கோடு வெளிப்பக்கம் வளையும். தொடுவானத்தைச் சட்டத்தின் மேல் ஓரத்தில் வைத்தால் கடல் வளைந்து நிற்கும். கேமராவில் லென்ஸ் திருத்தத்தை ‘ஆட்டோ’வில் வையுங்கள், ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) என்றால் மென்பொருளில் இந்த லென்ஸுக்கான திருத்தப் புரொஃபைலைப் போடுங்கள். இரண்டாவது, லாரி போகும்போது பாலத்தின் தளமே அதிரும். ட்ரைபாட் அந்த அதிர்வை அப்படியே கேமராவுக்கு ஏற்றிவிடும். கையில் பிடித்து, லென்ஸின் நடுக்கத் தடுப்பான வி.சி.யை இயக்கி, ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையாமல் எடுப்பது மேல். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கொள்ளவும் கூடாது.

இனி பூநாரை. கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய ஆழமற்ற நீரில் குளிர்காலத்தில் வந்து மேயும். 2025-ல் தமிழக அரசு தனுஷ்கோடிப் பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. நூறு மீட்டர் தொலைவில் 300-ல் சட்டத்தின் உயரம் 5.2 மீட்டர். 1.3 மீட்டர் உயரப் பறவை அதில் கால் பங்கு. இருநூறு மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. தனிப் பறவையின் கண்ணும் அலகும் தெரியும் படம் இந்த லென்ஸில் வராது. அதற்காகச் சேற்றில் இறங்கிக் கிட்டே போகவே போகாதீர்கள். பறவை தலையைத் தூக்கிவிட்டது என்றால் மேய்ச்சலை நிறுத்திவிட்டது என்று பொருள். அதுதான் நாம் நிற்க வேண்டிய எல்லை. கூட்டத்தை நீரோடும் வானத்தோடும் சேர்த்து 150 முதல் 250-க்குள் எடுத்தால் இந்த லென்ஸ் அழகான படம் தரும். பறக்கும் பறவைக்கு 1/2000, எஃப்/6.3. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 320 போதும், காலை ஏழு மணி ஒளியில் 1250 வரை ஏறும். 18-லிருந்து 300-க்குப் போகும்போது ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைவதால் மேனுவலில் எடுப்பவர் ஆட்டோ ஐ.எஸ்.ஓ.வை விட்டுவைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜூம் செய்யச் செய்யப் படம் இருளும்.

‘300-ல் படம் மொழுக்கென்று இருக்கிறது’ என்று இந்த லென்ஸைத் திட்டுபவர்கள் உண்டு. ஓரங்கள் 300-ல் மென்மைதான். எஃப்/8-க்கு மூடினால் ஓரளவு தேறும். ஆனால் தனுஷ்கோடியில் காலை ஒன்பது மணிக்கு மேல் குற்றம் பெரும்பாலும் லென்ஸுடையது அல்ல, கானலுடையது. மணல் சூடேறி அதன்மேல் காற்று அலையலையாக எழும். அதன் வழியே நூறு மீட்டர் பார்த்தால் லட்ச ரூபாய் லென்ஸும் இதே படத்தைத்தான் தரும். சோதிப்பது எளிது. அசையாத ஒரு பொருளை, இடிந்த தேவாலயச் சுவரையே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து படம் தொடர்ச்சியாக எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடம் தெளிவாக இருந்தால் கானல். ஐந்திலும் ஒரே மாதிரி மங்கல் என்றால் ஃபோகஸ் பிழை அல்லது கை நடுக்கம். கானலுக்கு மருந்து இரண்டே: தூரத்தைக் குறைப்பது, விடியலில் வருவது.

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் அந்தத் தேவாலயத்துக்கு 18 முதல் 35 வரை போதும். பவளக்கல் சுவரின் துளைகள் சாய்வெயிலில் எடுப்பாகத் தெரியும், உச்சிவெயிலில் தட்டையாகிவிடும். தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் அஸ்தமனத்துக்குப் பிந்தைய ஒளியை நம்பித் திட்டமிட வேண்டாம். மாலையில் காவல்துறை எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும்.

சிப்பி, நண்டு எடுப்பவர்கள் கவனிக்க. 18-ல் குறைந்த ஃபோகஸ் தூரம் 15 செ.மீ. என்று எழுதியிருக்கும், கேட்கப் பிரமாதம். ஆனால் அந்த அளவு சென்சாரிலிருந்து எடுப்பது. லென்ஸின் நீளம் ஏறக்குறைய 12.6 செ.மீ., மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே சோனியில் 1.8 செ.மீ. போக, முன்கண்ணாடிக்கும் சிப்பிக்கும் மிஞ்சுவது ஒரு செ.மீ.கூட இல்லை. முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹூட் போட முடியாது, லென்ஸின் நிழல் சிப்பிமேல் விழும், மணல் கண்ணாடியில் உரசும். 300-ல் 99 செ.மீ. தள்ளி நின்றால் 9.4 செ.மீ. அகலம் சட்டம் நிறைய வரும். நண்டும் வளைக்குள் ஓடாது. கடற்கரையில் இந்த முனையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

காரங்காட்டில் வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகலாம். வி.சி. நம் கை நடுக்கத்தை அடக்கும். படகின் ஆட்டத்தை அடக்காது. எஞ்சின் ஓடும்போது விளிம்பில் முழங்கை ஊன்றினால் அதிர்வு முழுவதும் படத்தில் இறங்கும். இலை நிழலில் கொக்கு உட்கார்ந்திருந்தால் 1/500, ஐ.எஸ்.ஓ. 1600 தயங்காமல் வையுங்கள். நீரின் பளபளப்பை வெட்டும் போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது), எஃப்/6.3 போய் எஃப்/11 போல ஆகிவிடும். நீருக்கடியில் தெரியும் பாசியையும் மணலையும் எடுக்கும்போது மட்டும் போலரைசர். 18-ல் போட்டால் வானத்தின் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் வெளிறல்.

அக்னி தீர்த்தத்தின் விடியலுக்கு முந்தைய ஒளிக்கு இந்த லென்ஸ் போதாது. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை அறையிலேயே மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். தர்ப்பணம் செய்கிறவர்களைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். ராமேஸ்வரம் கோயிலுக்குள் கேமராவுக்கு அனுமதி இல்லை.

ஏ.சி. அறையிலிருந்து கடற்கரைக்கு நேரே போனால் கண்ணாடி முழுவதும் ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். கேமராவை ஜிப் பையில் மூடி, அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்துப் பிறகு பையைத் திறக்க வேண்டும்.

பராமரிப்பில்தான் இந்த லென்ஸின் ஆயுள் இருக்கிறது. ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீள்வதால், அதில் ஒட்டிய மணல் சுருக்கும்போது உள்ளே போகும். ஈரம் தடுக்கும் ரப்பர் வளையம் உண்டு. அது மழைத்துளிக்கு, மணலுக்கு அல்ல. நடக்கும்போது 18-ல் வைத்துப் பூட்டுப் பொத்தானைப் போடுங்கள். அறைக்கு வந்ததும் முதலில் குழலைச் சுருக்கிய நிலையிலேயே ஊதுபந்தால் ஊதி, பிறகு 300 வரை நீட்டி, நீண்ட குழலை உலர்ந்த மைக்ரோஃபைபரால் சுற்றித் துடைத்து, அதன் பிறகே சுருக்க வேண்டும். முன்கண்ணாடியில் கடல் தெறித்த புள்ளியை உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது. காய்ந்த உப்புப் படிகம் பூச்சைக் கீறும். டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி உப்பைக் கரைத்து எடுத்து, பிறகு லென்ஸ் திரவம். ஃபில்டரைத் தினமும் ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். உப்பு ஏறிய மரையோடு விட்டால் இறுகிப்போகும். வீட்டில் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில், ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள்.

கடலோர ஊரில் பழைய லென்ஸாக வாங்குகிறவர்கள் மெல்ல ஜூம் செய்து பாருங்கள். எங்காவது நறநறவென்றால் உள்ளே மணல். மவுண்ட்டின் திருகுகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் உப்பு. பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல்போல் தெரிந்தால் பூஞ்சை. மூன்றில் ஒன்று இருந்தாலும் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம்.