மாமா வாங்கிவந்த மீன் எண்ணெய் மாத்திரை: வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

120 மாத்திரை, 58 மலேசிய வெள்ளி. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய என் மாமா காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர். அவரே சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்துக்கடையில் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். போன வருடம் அவருக்குப் பெருங்குடலிலிருந்து பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி ஒன்றை எடுத்தார்கள். அதைக் கடையில் சொல்லியிருக்கிறார். "இது கேன்சர் ஜீனையே ஆஃப் பண்ணிடும் அங்கிள், ஆராய்ச்சியே வந்துருக்கு" என்று ஒரு தாளையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மாத்திரையில் பெரிய குறை இல்லை. அரசு கொடுக்கும் மால் (MAL) பதிவு எண் இருக்கிறது, ஹோலோகிராம் ஸ்டிக்கர் இருக்கிறது. ஊசியால் ஒன்றைக் குத்திப் பார்த்தேன், மீன் வாடை லேசாகத்தான், ஊசிப்போன நாற்றம் இல்லை. ஆனால் முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பது எண்ணெயின் எடை. பின்பக்கம் பொடி எழுத்தில் பார்த்தால் இபிஏ 180, டிஎச்ஏ 120. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புகள் இவைதான், ஆக ஒமேகா-3 வெறும் 300.

தாளில் உள்ளது முழுப் பொய் என்றால் கிழித்துப் போட்டிருப்பேன். பாதி உண்மை என்பதால்தான் ஆத்திரம். எச்டி-29 என்று ஒரு குடல் புற்றுநோய்ச் செல் வகை, 1964இல் ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்து இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் வளர்த்து வருகிறார்கள். அந்தச் செல்களுக்கு டிஎச்ஏ கொடுத்தால் காக்ஸ்-2 என்ற ஜீன் அடங்குகிறது, அதனால் அழற்சியைக் கிளப்பும் பிராஸ்டகிளாண்டினும் குறைகிறது. சரி, ஆனால் அது ஆய்வுக்கூடத் தட்டில் செல்கள்மேல் நேராக ஊற்றிய கொழுப்பு. மாமா விழுங்குவதோ சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டு உடம்பு முழுக்கப் பிரிந்து போகிறது. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து 'வைட்டல்' என்ற ஆய்வு நடந்தது, தினமும் 840 மில்லிகிராம் ஒமேகா-3, ஐந்து வருடத்துக்கு மேல். புற்றுநோய் குறையவில்லை என்று 2018இல் முடிவு வந்துவிட்டது. அந்த அளவை எட்டவே இந்த மாத்திரையில் தினம் மூன்று வேண்டும், மாமா போடுவது ஒன்று.

அப்புறம் இன்னொரு கொழுப்பு அமிலம், அதைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை. கீரை, பருப்பு, கேழ்வரகு இவற்றின் நார்ச்சத்தைக் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து ப்யூட்டிரேட் என்ற அந்த அமிலத்தை உண்டாக்குகின்றன. டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களை இறுக்கிவைக்கும் நொதியை அது தடுக்கிறது, சுருள் தளர்கிறது, பி21 என்ற ஜீன் எழுந்து செல் பிரிவதை நிறுத்துகிறது. இதுவும் தட்டில் பார்த்ததுதான், இதை வைத்தும் வாக்குறுதி கொடுக்க முடியாது. ஆனால் ப்யூட்டிரேட் உண்டாகும் இடமே பெருங்குடல், அங்குள்ள செல்களுக்கு முக்கிய எரிபொருளும் அதுதான்.

புற்றுநோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று நம் நாட்டில் 1956லேயே சட்டம் இருக்கிறது. அந்தக் கடையில் அதைச் சொன்னேன், "கஸ்டமர் கேட்டா சொல்றோம்" என்றார்கள். பிரிக்காத போத்தலையும் திருப்பி எடுக்கவில்லை. அந்தக் காசுக்குப் பசாரில் மூன்று கிலோ கெம்போங் மீன் வாங்கியிருக்கலாம், அதிலும் ஒமேகா-3 இருக்கிறது.

மாத்திரைக்கு மூன்று நட்சத்திரம், கடைக்கு ஒன்று. அந்த ஒன்றும் மனசில்லாமல்தான், ஏனென்றால் மாமா மாத்திரை போட ஆரம்பித்த இரண்டாம் வாரமே "இனி எதுக்குய்யா அந்தக் குழாய் டெஸ்ட்டு" என்று கேட்டுவிட்டார். பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அந்த கொலோனோஸ்கோப்பி அடுத்து அக்டோபரில். ஈப்போவுக்கு நானே காரில் கூட்டிப் போகிறேன்.