பன்சோடான் தெருவில் வாங்கிய மூன்று செஸ் புத்தகங்கள்

ரங்கூன் பன்சோடான் தெருவில் பழைய புத்தகக் கடை போட்டிருப்பவர்களிடம் போன மாதம் மூன்று செஸ் புத்தகம் வாங்கினேன். அண்ணன் மகன் ஆடக் கற்றுக்கொள்கிறான், அவன் பேரைச் சொல்லி எனக்கும்தான். மூன்றில் ஒன்று சுத்தத் தண்டம்.

தண்டத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்புக் காய் ஆடுகிறவர் ஆட்டத்தைத் தொடங்கும் ஒரு முறையான சிசிலியன் தொடக்கத்தைப் பற்றி 400 பக்கம். எழுதியவர் பேர் வேண்டாம். வரிவரியாக நகர்வுகள், 22ஆம் நகர்வு வரை இழுத்துக்கொண்டு போய் 'வெள்ளைக்குச் சற்றுச் சாதகம்' என்று விட்டுவிடுகிறார். ஏன் சாதகம்? யானைக்கு வழி திறந்ததா, கறுப்புச் சிப்பாய் துணையில்லாமல் மாட்டிக்கொண்டதா? ஒரு வரி கிடையாது. கம்ப்யூட்டர் கக்கியதை அள்ளி அச்சுக்குக் கொடுத்த மாதிரிதான் இருக்கிறது. ஒரு படத்தில் கறுப்பு ராஜாவையே காணோம்! கரண்ட் போன ராத்திரியில் சார்ஜ் லைட்டை வைத்துக்கொண்டு பலகையில் அடுக்கி, நான்தான் எங்கோ தப்பாக நகர்த்திவிட்டேன் என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து ஆடி, அரை மணி நேரம் வீண். நம்ம ஊர் பர்மிய செஸ்ஸான சிட்டுயினில் சிப்பாய்கள் தவிர மற்ற காய்களை ஆடுகிறவரே தன் இஷ்டப்படி அடுக்கிக்கொள்கிறார், இவர் அங்கே போயிருந்தால் 4000 பக்கம் எழுதியிருப்பார்.

அடுத்தது, பின்னால் உலக சாம்பியனான அமெரிக்கர் பாபி ஃபிஷர் பேரில் 1966இல் வந்த 'பாபி ஃபிஷர் டீச்சஸ் செஸ்'. டீக்கடை நண்பர் ஒருவருக்கு இதைக் கண்டாலே ஆகாது. கூட எழுதிய மார்குலீஸையும் மோசன்ஃபெல்டரையும் யாருக்குத் தெரியும், ஃபிஷர் பேருக்காகத்தானே விற்கிறது, உள்ளே திரும்பத் திரும்ப ராஜாவைக் கடைசி வரிசையில் மடக்கும் மேட்தானே என்கிறார். சரி, அது உண்மைதான். ஆனால் கேள்வி கேட்டு, பக்கம் திருப்பினால் பதில் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கிக்கொண்டு போவதற்கு யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பையன் ஒரே வாரத்தில் முடித்துவிட்டு என் ராஜாவையே கடைசி வரிசையில் மடக்கினான்.

மூன்றாவது, அதே ஃபிஷரின் 'மை 60 மெமரபிள் கேம்ஸ்', 1969. இதற்குத்தான் என் முழு ஓட்டு. 60 ஆட்டத்தில் 9 டிரா, 3 தோல்வி. சோவியத் ஆட்டக்காரர்களான தாலிடமும் ஸ்பாஸ்கியிடமும் கெல்லரிடமும் தோற்றதைத் தானே எடுத்துப் போட்டு, எங்கே சறுக்கினேன் என்று அலசுகிறார். கம்ப்யூட்டர் துணை இல்லாத காலத்து வேலை இது. ஒரே சிரமம், பழைய பதிப்பு என்பதால் நகர்வுகள் பழைய குறியீட்டில் இருக்கின்றன, வெள்ளையும் கறுப்பும் அவரவர் பக்கத்திலிருந்து கட்டம் எண்ண வேண்டும், பையன் இரண்டு பக்கத்தில் ஓடிவிட்டான். புதுக் குறியீடு வேண்டுமென்றால் 2008 பதிப்பைத் தேடுங்கள். 1995இல் வந்ததைத் தொடாதீர்கள், குறியீட்டை மாற்றுகிறோம் என்று ஃபிஷரின் குறிப்புகளிலும் கைவைத்துவிட்டார்கள், அவரே கொதித்துப்போனார்.

சிசிலியன் புத்தகம் யாருக்காவது வேண்டுமா? சும்மாவே தருகிறேன். கறுப்பு ராஜாவைப் பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன்.